சாம்பலும் கசடும் கலந்த கான்கிரீட்: கொங்குப் பகுதி வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (தாராபுரம்): ஐயா, வீட்டுத் தளத்துக்குப் பி.பி.சி. சிமென்ட் வாங்கச் சொல்கிறார் பொறியாளர். சாம்பல் கலந்தது வலுவாக நிற்காது என்கிறார் மேஸ்திரி. யார் சொல்வது சரி?

பதில்: பொறியாளர் சொல்வதே சரி, ஆனால் மேஸ்திரியின் அச்சத்துக்கும் காரணம் உண்டு. மேட்டூர் போன்ற அனல் மின் நிலையங்களில் புகையோடு வரும் நுண்சாம்பலை 15 முதல் 35 சதவீதம் வரை சேர்த்ததே பி.பி.சி. (போர்ட்லேண்ட் போசோலானா) சிமென்ட். சிமென்ட்டில் தண்ணீர் பட்டதும், இறுகி வலுத் தரும் பசையோடு சுண்ணாம்பும் உண்டாகிறது. வலுவுக்குப் பெரிதும் உதவாத அந்தச் சுண்ணாம்பைச் சாம்பலிலுள்ள சிலிக்கா பிடித்து, மேலும் பசையாக்கி நுண்துளைகளை அடைத்துவிடுவதால், நீரும் உப்பும் உள்ளே இறங்கிக் கம்பியை எட்டுவது கடினமாகிறது. இது மெதுவாக நடக்கும் வினை. முதல் வாரத்தில் வலு சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். 28 நாளுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போகும். ஆகவே சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க அவசரப்படக் கூடாது.

ஈரம் வற்றினால் வினையும் நின்றுவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆடி மாதத்தில் காலையில் போட்ட தளத்தின் ஓரம் மதியத்துக்குள் வெளிறிவிடும்; மறுநாள் விரலால் தேய்த்தால் மாவாக ஒட்டும். அந்தப் பழி சாம்பலுக்கு வருகிறது, ஈரத்தைக் குடித்ததோ காற்று. சாதாரண சிமென்ட்டுக்கு 7 நாள் போதுமென்றாலும், வறண்ட வெயிலில் கலப்பு சிமென்ட்டுக்கு 14 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்.

கேள்வி (கணபதி, கோவை): பவுண்டரியில் (வார்ப்பாலையில்) அச்சுக்குப் பயன்படுத்திக் கழித்த மணல் மலிவாகக் கிடைக்கிறது. எம் சாண்டுக்குப் (கல் உடைத்துச் செய்த மணலுக்குப்) பதிலாகப் போடலாமா?

பதில்: முழுவதுமாக மாற்றக் கூடாது. அதில் பெண்டோனைட் களிமண்ணும் நிலக்கரித்தூளும் ஒட்டியிருக்கும்; ஒரு பிடியை நனைத்துத் தேய்த்தால் உள்ளங்கை கருத்துவிடும். களிமண் கூடுதல் தண்ணீர் கேட்கும், தண்ணீர் கூடினால் வலு இறங்கும். சலித்து, சிறு பங்கு சேர்த்து, கியூப் (சோதனைக் கனசதுரக் கட்டி) வார்த்து வலுவைச் சோதித்த பிறகு நடைபாதைக் கற்களுக்குப் பயன்படுத்தலாம். ரெசின் (பிசின்) கலந்த மணல் வேறு வகை என்பதால் இரண்டையும் ஒரே குவியலில் கொட்டாதீர்கள்.

கேள்வி (மேச்சேரி): இரும்பாலைக் கசடு எல்லாம் ஒன்றுதானா?

பதில்: இல்லை. இரும்புத் தாதுவை உருக்கும் ஊதுலையின் கசடைத் தண்ணீரில் சட்டெனக் குளிர்வித்து அரைத்தால் அது தானே இறுகும் தன்மை பெறும்; கசடு சிமென்ட்டில் 70 சதவீதம் வரை சேர்க்க நம் தரவிதி இடமளிக்கிறது. இரும்பை எஃகாக்கும் உலையின் கசடில் நீறாத சுண்ணாம்பு இருக்கும். ஈரம் பட்டால் பருத்துக் கான்கிரீட்டை வெடிக்கச் செய்யும்.

கேள்வி (திருப்பூர்): சாயக்கழிவுச் சேற்றை ஹாலோ பிளாக்கில் சேர்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது அபாயக் கழிவு. சிமென்ட் ஆலைச் சூளையில் முறைப்படி எரிப்பது அதற்குரிய வழிகளில் ஒன்று. அந்தச் சேற்றிலுள்ள குளோரைடு உப்பு அருகிலுள்ள கம்பியை அரித்துவிடும். நொய்யல் கரைக் கிணற்று நீரிலும் இதே கவனம் தேவை: கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வேலை தொடங்குவதற்கு முன்பே ஒரு பாட்டில் நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.