ஓபராவின் ஓவர்ச்சரும் பிரிலூடும் ஏன் தனி இசைத்தட்டுகளாக வருகின்றன?

ஓபரா என்பது பாடியே நடிக்கப்படும் இசை நாடகம். திரை விலகுமுன் பாடகர்கள் இல்லாமல் வாத்தியக் குழு மட்டும் வாசிக்கும் முன்னிசையே ஓவர்ச்சர். பிரிலூடும் முன்னிசைதான், ஆனால் அது பெரும்பாலும் தனக்கென முடிவில்லாமல் முதற்காட்சிக்குள் கலந்துவிடும். வீட்டை வைத்துச் சொன்னால், ஓவர்ச்சர் திண்ணை, உள்ளே போகாமலே உட்கார்ந்து இளைப்பாறலாம். பிரிலூடு ரேழி, நடந்தால் கூடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

தனியாகப் பதிவு செய்யப்பட்டதற்கு அடிப்படைக் காரணம் நேரம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளின் காலத்தில் 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடங்களே அடங்கின. மூன்று மணி நேர ஓபராவுக்குப் பெட்டி நிறையத் தட்டுகள் தேவைப்பட, ஏழெட்டு நிமிட ஓவர்ச்சரோ ஒரே தட்டின் இரு பக்கங்களில் முடிந்துவிடும். பாடகர்களும் தேவையில்லை, மொழியும் தடையில்லை.

பிரிலூடுகளில்தான் சிக்கல். 1865இல் மியூனிக்கில் அரங்கேறிய, ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'டிரிஸ்டனும் இசோல்டாவும்' ஓபராவின் பிரிலூடு முடிவுறாமல் ஏக்கத்திலேயே நிற்பதால், கச்சேரிக்காக அவரே ஒரு முடிவை எழுதினார். ஆனால் பல பதிவுகள் அந்தப் பிரிலூடை ஓபராவின் இறுதிக் காட்சி இசையோடு இணைக்கின்றன. அந்த ஏக்கம் அங்கேதான் தீர்கிறது என்பதால், முதலில் கேட்பவர்களுக்கு இவ்விணைப்பையே பரிந்துரைப்பேன்.

ஓவர்ச்சர் என்றாலே ஓபராவின் மெட்டுகளைத் தொகுத்த முன்னோட்டம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் 1816இல் இத்தாலிய இசையமைப்பாளர் ரோஸினி 'செவில் நகர நாவிதன்' ஓபராவுக்கு வைத்தது, 1813இல் வேறோர் ஓபராவுக்காக அவர் எழுதியிருந்த ஓவர்ச்சரையே.