பழைய வரைபட எடிட்டருக்கு நிதி திரட்டுவது பற்றி

வணக்கம். ஃப்ளாஷில் (உலாவியில் ஓடிய அடோபியின் பழைய தொழில்நுட்பம்) எழுதிய வரைபட எடிட்டர், நாலைந்து பேர்தான் பராமரிக்கிறீர்கள், நன்கொடைப் பொத்தான் வைத்தும் ஒன்றும் தேறவில்லை என்கிறீர்கள். "மென்பொருளைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்டால் யாரும் பையைத் திறக்க மாட்டார்கள். ஒரு வேலையைச் சொல்லிக் கேளுங்கள்.

யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் எடிட்டர் பாட்லாட்ச் 2 கதையைப் பாருங்கள். 2020 கடைசியோடு ஃப்ளாஷ் நின்றுபோகும் என்று தெரிந்ததும், அதை அடோபி ஏர் (ஃப்ளாஷ் நிரலை உலாவிக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்) மூலம் கணினியில் நிறுவும் செயலியாக மாற்ற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளை பணம் கொடுத்தது. முழுக்கத் திருப்பி எழுதவில்லை, இடம்தான் மாற்றினார்கள். செலவுக்கு ஒரு எல்லை இருந்தது; சம்மதிக்க எளிது.

அடுத்து, ஆதாரம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒருவர் சேர்த்து அனுப்பும் திருத்தங்களின் தொகுப்பில் (மாற்றத்தொகுப்பு), எந்த எடிட்டரில் செய்தது என்று பெரும்பாலும் கிரியேட்டட்_பை (created_by) குறிச்சொல்லில் பதிவாகிறது. போன வருடக் கணக்கை எடுங்கள். ஆட்கள் குறைவாக இருக்கலாம். ஆனால் அந்தக் கொஞ்சம் பேர் எத்தனை திருத்தம் செய்கிறார்கள் என்பதுதான் பேசும். (என் அனுபவத்தில் பழைய கருவியை விடாதவர்கள்தான் வெறித்தனமாக வரைபவர்கள்.)

நெதர்லாந்தின் என்எல்நெட் அறக்கட்டளை சிறு திறமூலத் திட்டங்களுக்கும் நிதி தருகிறது, விண்ணப்பமும் சுருக்கம்தான். ஆனால் பராமரிப்புச் செலவை அதில் கலக்காதீர்கள். அதற்கு மாதாமாதம் சிறு தொகை தரும் பயனர்கள்தான் சரி.

அப்புறம், பணம் வருகிறதோ இல்லையோ, இன்றைக்கே மூலநிரலை, மென்பொருள் மூலநிரல்களைப் பாதுகாக்கும் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகத்தில் சேர்த்துவிடுங்கள். நிரல் இருக்கும் பொதுக் களஞ்சியத்தின் இணைய முகவரியைக் கொடுத்தால் போதும், இலவசம்.