நூறு டாலர் படகும் இருநூற்றைம்பது அறை வீடும்

கேள்வி: தாத்தா காலத்தில் ஆறு ஏக்கர் தேயிலை. பாகம் பிரித்துப் பிரித்து இன்று என் பங்கு அறுபது சென்ட். விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். ‘அமெரிக்காவில் வாண்டர்பில்ட் குடும்பத்துக்கே சொத்து நிற்கவில்லை, விடுங்கப்பா’ என்கிறான் மகன். அவ்வளவு பணமும் எப்படிக் கரைந்தது? – ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: மகன் சொல்வது உண்மைதான், ஆனால் அவர்கள் சொத்து பாகப்பிரிவினையால் மட்டும் போகவில்லை. கொர்னீலியஸ் வாண்டர்பில்ட் 16 வயதில் அம்மாவிடம் 100 டாலர் வாங்கிப் படகு ஓட்டத் தொடங்கியவர். அப்புறம் நீராவிக் கப்பல், கடைசியில் ரயில். 1877-ல் இறந்தபோது சுமார் 10 கோடி டாலர் இருந்தது. பிரித்தால் சிதறிவிடும் என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் மூத்த மகன் வில்லியம் ஹென்றிக்கே எழுதிவைத்தார். எட்டு மகள்களுக்கும் அதில் ஓரத்துத் துண்டுதான், இந்த ஓரவஞ்சனையை என்னால் ஏற்கவே முடியவில்லை. மகன் கெட்டிக்காரர், ஒன்பது வருடத்துக்குள் அதை இரட்டிப்பாக்கிவிட்டு 1885-ல் போய்ச் சேர்ந்தார்.

பேரன்கள் வீடு கட்டினார்கள். நியூபோர்ட் கடற்கரையில், கோடைக்கு மட்டும் வந்து தங்க 70 அறைகளோடு ‘பிரேக்கர்ஸ்’ மாளிகை, 70 லட்சம் டாலருக்கு மேல் செலவு. அது 1972-ல் 3,65,000 டாலருக்குக் கைமாறியது. நியூயார்க் ஐந்தாவது அவென்யூ மாளிகைகளை இடித்தே விட்டார்கள். 1913-ல் வருமான வரி வந்தது, காரும் விமானமும் வந்து ரயிலும் படுத்தது. புதிதாகச் சம்பாதிக்கும் தொழிலை யாரும் பெரிதாகத் தொடங்கவில்லை, செலவு மட்டும் தாத்தா காலத்துக் கணக்கிலேயே ஓடியது.

ஒரு கிளை தப்பித்தது. இளைய பேரன் ஜார்ஜ், ப்ளூ ரிட்ஜ் மலையில் (அதுவும் நீலமலைதான், நம் நீலகிரி போலவே பெயர்) 250 அறைகளோடு ‘பில்ட்மோர்’ கட்டினார். அவர் இறந்ததும் 1914-ல் மனைவி ஈடித் காட்டின் பெரும்பகுதியை அரசாங்கத்துக்கு விற்றார், வீட்டை விற்கவில்லை. 1930-ல் டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ளே விட்டார்கள். இன்றும் அது அவர்கள் வாரிசுகள் கையில்தான் இருக்கிறது.

அதனால் அவசரப்பட்டு விற்காதீர்கள். பக்கத்துப் பாகம் சித்தப்பா மகனுடையது என்றால் முதலில் அவரிடம் பேசுங்கள். சேர்ந்தே கவாத்து செய்து, பச்சை இலையை ஒரே வண்டியில் ஃபேக்டரிக்கு அனுப்பினால் வண்டி வாடகையாவது பாதியாகும்.