இந்தியாவில் பல் மருத்துவம் படிக்க நீட் தேர்வில் எத்தனை மதிப்பெண் வேண்டும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளைகளின் பெற்றோர் பலரும் கேட்கும் இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது.

நீட் என்பது இந்தியாவில் எம்.பி.பி.எஸ். (மருத்துவம்), பி.டி.எஸ். (பல் மருத்துவம்) ஆகிய இரு படிப்புகளுக்கும் பொதுவான நுழைவுத் தேர்வாகும். இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்து மொத்தம் 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 கிடைக்கும், தவறான விடைக்கு 1 கழியும். பொதுப் பிரிவினர் தகுதி பெற 50 பெர்சன்டைல் எட்ட வேண்டும். இது பாதி மதிப்பெண், அதாவது 360, அன்று. தேர்வெழுதியவர்களில் பாதிப் பேரையேனும் எட்டிப் பிடித்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். தோட்டத் திடலில் நடக்கும் ஓட்டப் பந்தயத்தில், எத்தனை நொடியில் ஓடினோம் என்பதைவிட எத்தனை பேர் நமக்குப் பின்னால் வந்தனர் என்பதே இடத்தைத் தீர்மானிப்பதைப் போன்றது இது. அதனால்தான் வினாத்தாள் கடினமான ஆண்டில் தகுதி மதிப்பெண் இறங்குகிறது, எளிதான ஆண்டில் ஏறுகிறது.

எஸ்.பி.எம். மட்டும் போதாது; எஸ்.டி.பி.எம். போன்ற, பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான அறிவியல் கல்வி தேவை. படிப்பு முடிந்து ஊர் திரும்பித் தொழில் செய்ய விரும்புவோர், தாம் சேரும் கல்லூரியின் பட்டத்தை மலேசியப் பல் மருத்துவ மன்றம் ஏற்கிறதா என்பதை, கட்டணம் செலுத்தும் முன்பே, கட்டாயம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தகுதி பெற்றாலே இடம் உறுதி என்று பலர் எண்ணுகின்றனர்; ஆனால் தகுதி என்பது கல்லூரி இடங்களை ஒதுக்கும் கலந்தாய்வில் கலந்துகொள்ளும் உரிமை மட்டுமே, இடம் தரவரிசைப்படியே ஒதுக்கப்படுகிறது.