தூக்காதீர்கள்!

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளியில் ஒருநாள் முதலுதவிப் பயிற்சி நடந்தது. பொம்மையின் நெஞ்சை அழுத்தப் பழகினோம். கொடுத்த சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதமே எங்கள் தெருமுனை மளிகைக்கடை வாசலில் ஒருவர் சுருண்டு விழுந்தார். ஐம்பது வயது இருக்கும். கை கால் வெட்டியதும் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். ஒருவர் சோடா வாங்க ஓடினார். "மூச்சு இழுக்குது, உயிர் இருக்கு, தூக்கு தூக்கு" என்று ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டதாம். நான் பால் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நான் அழுத்தி, விலா எலும்பு உடைந்து, அவர் இறந்திருந்தால் பழி என் மேல் வராதா? போலீஸ் கேஸ் ஆகாதா? ஒருநாள் வகுப்புக்குப் போனவளுக்கு இதற்குத் தகுதி உண்டா? இதைப் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொல்லி நீங்கள் எழுதக் கூடாதா? என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

அந்த மனிதர் உங்களால் சாகவில்லை. வீதியில் இதயம் நின்று விழுகிறவர்களில் பெரும்பாலானோர், எல்லாம் சரியாகச் செய்தாலும் பிழைப்பதில்லை. முதலில் இதை மனதில் வாங்கிக்கொண்டு ராத்திரி தூங்குங்கள்.

இனி திட்டுகிறேன். விலா எலும்பு உடையுமா என்று கேட்கிறீர்கள். உடையும். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் உடையும். உடைந்தால் ஒட்டிக்கொள்ளும். எதிரே ஒருவர் செத்துக்கொண்டிருக்கும்போது அவருடைய விலா எலும்புக்காகக் கவலைப்பட்டேன் என்று படித்தவர் ஒருவர் எழுதினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. போலீஸ் பயம் அதைவிடப் பழைய சரக்கு. சாலை விபத்தில் உதவுகிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 2019-ல் அது மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு பிரிவாகவே வந்துவிட்டது. கடை வாசலில் விழுந்தவரின் நெஞ்சை அழுத்தியதற்காக ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. பாடத்திட்டமா? சேர்த்தால் ஐந்து மார்க் கேள்வி ஆகிவிடும், பிள்ளைகள் விடையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். விடுங்கள்.

தகுதி என்கிறீர்களே, அதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நின்ற இதயத்தை ஓடவைக்க வேண்டுமானால் நெஞ்சைக் கிழித்து, கையை உள்ளே விட்டுப் பிசைய வேண்டும் என்ற காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நாய்களை வைத்து மின் அதிர்ச்சி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, கனமான மின்தகடுகளை நெஞ்சின் மேல் வைத்து அமுக்கினாலே நாயின் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதை நிக்கர்பாக்கர் என்ற இளைஞர் கவனித்தார். அவர் படித்தது பொறியியல். அவருடைய பேராசிரியர் கௌவென்ஹோவன் மின்பொறியாளர். ஜூட் என்ற அறுவை மருத்துவர் ஒருவர் இவர்களோடு சேர்ந்துகொண்டார். 1960-ல் மூவரும் வெளியிட்ட கட்டுரையில், இதை இனி யாரும் எங்கும் தொடங்கலாம், இரண்டு கைகள் இருந்தால் போதும் என்று எழுதினார்கள். மூவரில் இருவர் டாக்டரே இல்லை. உங்களுக்கு என்ன தகுதி குறைகிறது, டீச்சர்?

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் கேள்வி எதுவும் இல்லை. "தூக்கு தூக்கு" என்ற அந்த வார்த்தைதான். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் சித்தப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தபோது செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவி வகுப்புக்குப் போய் வந்தவர். மகா முன்கோபி. தமிழ்நாட்டில் 108 வந்தது 2008-ல். அது வந்த புதிதில், திருச்சியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஒருவர் இலை மேலேயே சாய்ந்தார். உடனே நாலைந்து பேர் கையையும் காலையும் பிடித்துவிட்டார்கள். வாசலில் கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்கிறது. சித்தப்பா எச்சில் கையோடு வந்து, "எவனாவது தூக்குனா கையை ஒடிச்சிருவேன், கீழ போடு!" என்று கத்தினார். மண்டபமே அடங்கிப்போனது. பெஞ்சை ஒரு உதை விட்டு இடம் பண்ணினார். அந்த ஆளைத் தரையில் மல்லாத்தி, பக்கத்தில் மண்டியிட்டு, முழங்கையை மடக்காமல் அழுத்த ஆரம்பித்தார். பட்டுச்சட்டை முழுக்க சாம்பார். வாய்விட்டு எண்ணினார். களைத்ததும் மாப்பிள்ளையின் தம்பியைக் கழுத்தைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் உட்காரவைத்தார். 108 வரும்வரை கை மாறி மாறி நடந்தது.

விழுந்தவர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்து இறந்துபோனார். காரியத்துக்கு வந்தவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? "அந்தாளு மறிக்காம இருந்திருந்தா, அப்பவே கார்ல போட்டுக் கொண்டுபோயிருக்கலாம்." அதைச் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "தூக்கிட்டு ஓடுனா எல்லாருக்கும் ஒரு வேலை செஞ்ச மாதிரி இருக்கும்ல," என்றார். அவ்வளவுதான்.

இந்த ஓட்டம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். பாம்புக்கடியிலிருந்தும் பிரசவத்திலிருந்தும் வந்ததாக இருக்க வேண்டும். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. கடிபட்டவரை நடக்கவிடாமல், இறுக்கிக் கட்டாமல், கீறிவிடாமல், எவ்வளவு சீக்கிரம் கொண்டுபோகிறோமோ அவ்வளவு நல்லது. அங்கே ஓடுவதுதான் வைத்தியம். இதயம் நின்றவருக்குக் கதையே வேறு. நாலைந்து நிமிடத்தில் மூளை கெட ஆரம்பித்துவிடும். யாரும் அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து வரை தின்றுவிடுகிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். உங்கள் தெருமுனையிலிருந்து எந்த ஆஸ்பத்திரி நாலு நிமிடத்தில் இருக்கிறது? சிக்னலைத் தாண்டவே அது போதாது.

ஆட்டோவுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு பேருக்கு நடுவில் அவரை உட்கார்த்தி வைக்கிறார்கள். தலை முன்னால் தொங்கி, தாடை நெஞ்சில் இடிக்கிறது. தொண்டை மடங்கி, கொஞ்சம் காற்று போகிற வழி இருந்தாலும் அதுவும் அடைபடுகிறது. நெஞ்சை அழுத்தலாம் என்றால் பின்னால் இருப்பது மெத்தை. அழுத்தினால் சீட்தான் அமுங்கும். அழுத்துகிறவர் தோளை நேராகக் கொண்டுவர இடமும் கிடையாது. தரை வேண்டும், கட்டாந்தரை. நெஞ்சுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் மற்றக் கை, நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை, ஒவ்வொரு தடவையும் 5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அழுத்திய பிறகு நெஞ்சு முழுதாக எழும்ப விட வேண்டும். இதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இப்படி அழுத்தினால் சினிமாவில் வருவது போல எழுந்து உட்கார்ந்து "நான் எங்கே இருக்கிறேன்" என்று கேட்க மாட்டார். இதயத்தை மறுபடி ஒழுங்காகத் துடிக்கவைக்கும் மின் அதிர்ச்சிக் கருவி வந்து சேரும்வரை மூளைக்குக் கொஞ்சம் ரத்தம் போய்க்கொண்டிருக்கும், அதற்குத்தான் இந்தப் பாடு.

"மூச்சு இழுக்குது" என்றார்களே, அதுவும் ஏமாற்றுதான். இதயம் நின்ற பிறகும் சில நிமிடம் விட்டு விட்டு, கொர்ரென்று இழுக்கும். அது மூச்சு இல்லை. இதயம் நிற்கிற நேரத்தில் கை கால் வெட்டுவதும் உண்டு. வலிப்பு என்று நினைத்துச் சாவியைத் திணிப்பார்கள். (வலிப்பாகவே இருந்தாலும் சாவியால் ஒன்றும் ஆகாது. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும்.) சோடாவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரையாகிவிடும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் ஒழுங்காக இல்லையென்றால் அழுத்தத் தொடங்குங்கள். தண்ணீரில் மூழ்கியவருக்கும் குழந்தைக்கும் வாயோடு வாய் வைத்து ஊதவும் வேண்டும்.

ஒருநாள் வகுப்பு போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள் இல்லையா? போதாது, மறந்துபோகும். வருடத்துக்கு ஒருமுறையாவது போய் அழுத்திப் பாருங்கள். ஆனால் கடை வாசலில் உங்களுக்கு முதலில் தேவைப்பட்டது கை இல்லை, தொண்டை. நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைக்கிற தொண்டை உங்களுடையது. "தூக்காதீங்க, கீழ படுக்க வைங்க! நீலச் சட்டை, நீங்க 108-க்கு போன் போடுங்க!" என்று சத்தம் போட்டிருந்தால் அந்தக் கூட்டம் கேட்டிருக்கும். கூட்டத்துக்கு வேண்டியதே யாராவது ஒருவர் அதட்டுவதுதான். அப்புறம் அதே கூட்டம் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று கை மாற்றவும் உதவும்.

ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை பள்ளிக்குப் பொம்மையைக் கொண்டுவரும்போது, உங்கள் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் போய் அண்ணன்மார்களையும் கூப்பிடுங்கள். தூக்குவதற்கு முதல் கையை நீட்டுகிறவர்கள் அவர்கள்தான், நல்ல மனதோடுதான் நீட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைக்காதீர்கள், சவாரி இருக்கும். டீ, வடைச் செலவை நான் அனுப்புகிறேன்.