கிம்ச்சி ஏன் கடைசியில் வரவேண்டும்? உருளைக்கிழங்கு ஹாஷ் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: உருளைக்கிழங்கு, கிம்ச்சி (முட்டைக்கோஸைப் புளிக்கவைத்துச் செய்யும் காரமான கொரிய ஊறுகாய்), முட்டை மூன்றையும் வைத்து ஹாஷ் (கிழங்குத் துண்டுகளை முறுக வறுத்துச் செய்யும் கலவை) செய்து பார்க்கிறேன், சரியாக வருவதே இல்லை. பச்சைக் கிழங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கி எண்ணெயில் போடுகிறேன். ஐந்து நிமிடம் கழித்துக் கிம்ச்சியைச் சாறோடு கொட்டிக் கிளறுகிறேன். அரை மணி நேரம் வதக்கினாலும் கிழங்கின் நடுப்பகுதி நறுக்கென்றே இருக்கிறது. வெளியே முறுகாமல் சொதசொதவென்று ஆகிறது. அதே நேரம் அடியில் மிளகாய்த்தூள் கருகுகிறது. மேலே உடைத்து ஊற்றும் முட்டையும் எல்லாவற்றோடும் கலந்து கூழாகிவிடுகிறது. எங்கே தப்பு?

பதில்: கிழங்கிலும் தப்பில்லை, உங்கள் அடுப்பிலும் தப்பில்லை. கிம்ச்சி சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். நீங்கள் சொன்ன கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

முதலில் அந்த வேகாத நடுப்பகுதி. கிழங்கின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். சூட்டில் அது கரைந்து தளர்ந்தால்தான் கிழங்கு மெத்தென்று ஆகும். புளிப்பு சேர்ந்தால் பெக்டின் லேசில் தளராது. நன்றாகப் புளித்த கிம்ச்சியின் பி.எச். அளவு 4-ஐ ஒட்டி இருக்கும்; அதாவது நல்ல புளிப்பு. பாதி வேகாத கிழங்கின் மேல் அந்தச் சாற்றைக் கொட்டினால் வேகும் வேலை அப்படியே மந்தமாகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் கிளறினாலும் அடுப்புதான் எரியும்.

அடுத்து முறுகாமல் போவது. கிம்ச்சியின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சட்டியில் தண்ணீர் நிற்கும்வரை கிழங்கின் மேல்புறச் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பொன்னிறமும் மொறுமொறுப்பும் வர 140 டிகிரியாவது வேண்டும். ஆக, வறுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கிழங்கைக் கிம்ச்சிச் சாற்றில் அவித்துக்கொண்டிருக்கிறீர்கள். சாறு ஒருவழியாக வற்றியதும் அதிலிருந்த மிளகாய்த்தூள், பூண்டு, சர்க்கரை எல்லாம் சட்டியின் அடியில் படிகின்றன. கிழங்கு சிவக்கும் முன்பே அவை கருகிவிடும். சொதசொதப்பும் கருகலும் ஒரே சட்டியில் எப்படி என்று குழம்பியிருப்பீர்கள். இப்படித்தான்.

சரி, எப்படிச் செய்வது? இரண்டு பேருக்கு அரை கிலோ கிழங்கு, 150 கிராம் கிம்ச்சி, ஒரு நடுத்தர வெங்காயம், மூன்று அல்லது நான்கு முட்டை, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் போதும். கிழங்கை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக, முடிந்தவரை ஒரே அளவில் நறுக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டு, தண்ணீர் பச்சையாக இருக்கும்போதே கிழங்கையும் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெளிப்புறம் குழைந்தபின்தான் உள்ளே சூடு சேரும். கொதி வந்ததிலிருந்து நாலைந்து நிமிடம். கத்தி நுனியால் குத்தினால் உள்ளே இறங்க வேண்டும், துண்டு உடையக் கூடாது. அந்தக் கட்டத்தில் வடித்துவிடுங்கள்.

வடித்த பின் வருவதுதான் பலரும் தவறவிடும் பகுதி. கிழங்கை வடிதட்டிலேயே வைத்து மூடாமல் பத்து நிமிடம் விடுங்கள். ஆவி தானாக வெளியேறும். முதலில் பளபளவென்று ஈரமாக இருக்கும் துண்டுகள் மெல்ல மங்கி, ஓரங்களில் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியது போல ஆகும். வெந்து தளர்ந்த மாவுச்சத்து அங்கே காய்ந்து நிற்கிறது. எண்ணெயில் மொறுமொறுப்பான மேலோடாக மாறப்போவது அதுதான். அந்த வெளுப்பு தெரியும் முன் சட்டியில் போட அவசரப்படாதீர்கள்.

வேகவைக்க நேரமில்லை என்றால், துண்டுகளில் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, மைக்ரோவேவில் நாலைந்து நிமிடம் வைத்தாலும் நடக்கும். ஆவி போக விடுவது மட்டும் இதிலும் உண்டு. முந்தைய நாளே அவித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த கிழங்கு என்றால் இன்னும் நல்லது. ஆறிய மாவுச்சத்து இறுகி, மேல்புறமும் உலர்ந்து, துண்டு சிதையாமல் வறுபடும். பச்சைக் கிழங்கை மட்டும் அந்தப் பெட்டியில் சேமிக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். வறுக்கும்போது சட்டென்று கறுக்கும். அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடுதலாக உண்டாகலாம். வெளிச்சம் படாத, காற்றோட்டமான இடமே பச்சைக் கிழங்குக்குப் போதும்.

என்ன வகைக் கிழங்கு என்று கேட்பீர்கள். மாவு மிகுந்த வகை நன்றாக முறுகும், ஆனால் சற்று அசந்தால் உதிரும். மாவு குறைந்த, வழவழப்பான வகை வடிவம் மாறாது, மேலோடு மெல்லிசாகத்தான் வரும். கையில் இருப்பதே போதும் என்பது என் கட்சி. உதிர்கிற வகை என்றால் வேகவைக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் விடுங்கள். உங்களைப் படுத்திய அதே புளிப்பு இங்கே உதவிக்கு வரும்: பெக்டினை அளவாகப் பிடித்துவைத்துத் துண்டு சிதையாமல் காக்கும். வேக இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே. பெரிய துண்டுகளை ஓவனில் சுடுகிறவர்கள் இதற்கு நேரெதிராகச் சமையல் சோடா போடுவார்கள், மேல்புறம் குழைந்து சொரசொரப்பாவதற்காக. இந்தச் சிறிய துண்டுகளுக்கு அது வேண்டாம், மசியலாகிவிடும்.

இனி வறுவல். சட்டி அகலமாக இருக்கட்டும், 28 சென்டிமீட்டராவது. வார்ப்பிரும்பு என்றால் அருமை, நான்ஸ்டிக் என்றாலும் பரவாயில்லை. மிதமான தீயைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்து, எண்ணெய் காய்ந்ததும் கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். நான்கு நிமிடம் கிளறவே கூடாது. ஹாஷ் கெட்டுப்போவதில் பாதி, கரண்டி சும்மா இருக்காததால்தான். மேலோடு உருவாகும் முன் கிளறினால் அது கிழிந்து சட்டியோடு ஒட்டிக்கொள்ளும். உருவான பின் துண்டு தானே விட்டுக்கொடுக்கும். ஒன்றை மட்டும் தள்ளிப் பாருங்கள். நகராவிட்டால் இன்னும் ஆகவில்லை. காதும் உதவும்: ஈரம் இருக்கும்வரை சளசளவென்ற சத்தம், அது போனதும் சன்னமான பொரியும் ஓசை. பிறகு திருப்பிப் போட்டு மறுபடி விடுங்கள். மொத்தம் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். வெங்காயத்தைப் பாதி நேரம் கடந்தபின் சேர்த்தால் போதும். அதுவும் தண்ணீர் விடுகிற சரக்குதான். தேன் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். அடர்பழுப்பு வரை கொண்டுபோவதில் கசப்பு வருவதைத் தவிர லாபமில்லை.

இப்போதுதான் கிம்ச்சியின் முறை. அதற்குள் அதைத் தயார்படுத்தி வைத்திருக்க வேண்டும். ஒரு கிண்ணத்தின் மேல் வைத்துக் கையால் நன்றாகப் பிழியுங்கள். சாற்றைக் கொட்டாதீர்கள், வேலை இருக்கிறது. பிழிந்ததை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்குங்கள். கால் பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். வெந்த கிழங்கை வாணலியின் ஓரங்களுக்கு ஒதுக்கி, நடுவில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ வெண்ணெயோ விட்டு, மீதி கிம்ச்சியை அங்கே போட்டு இரண்டு மூன்று நிமிடம் வதக்குங்கள். ஓரங்கள் சுருண்டு, எண்ணெய் செந்நிறமாகி, பச்சைப் பூண்டு வாடை அடங்கி இனிப்பான மணம் எழும். அதுதான் அடையாளம். உடனே கிழங்கோடு இரண்டே புரட்டு, முடிந்தது. வறுத்த எள்ளெண்ணெய் வாசனை பிடிக்கும் என்றால் அடுப்பை அணைத்தபின் அரைத் தேக்கரண்டி. முன்னதாக விட்டால் மணம் பறந்துவிடும்.

சட்டியில் உப்பை இதுவரை சேர்க்கச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கிழங்கு உப்புத் தண்ணீரில் வெந்தது, கிம்ச்சி உப்பிலேயே ஊறியது. கடைசியில் ருசி பார்த்து, தேவைப்பட்டால் ஒரு சிட்டிகை.

எந்தக் கிம்ச்சி என்பதிலும் விஷயம் இருக்கிறது. கொரியச் சமையலறைகளில் புதிதாகப் போட்ட கிம்ச்சியை அப்படியே சாப்பிடுவார்கள். புளிப்பு முற்றியதைத்தான் கிம்ச்சி ஜிகே என்ற குழம்புக்கும், கிம்ச்சி பொக்கும்பாப் என்ற வறுத்த சோற்றுக்கும் ஒதுக்குவார்கள். வெறுமனே சாப்பிட நாக்கு கூசும் அளவு புளித்தது, சூட்டில் வதங்கும்போது உருண்டு திரண்ட சுவையாகிறது. உங்கள் ஹாஷுக்கும் அந்தப் பழசே பொருத்தம். புளிப்பு மிகவும் தூக்கல் என்றால் வதக்கும்போது அரைத் தேக்கரண்டி சர்க்கரை தூவுங்கள். வெண்ணெயும் புளிப்பின் முனையை மழுக்கும். புதுக் கிம்ச்சிதான் இருக்கிறது என்றால் வதக்கவே வேண்டாம். பொடியாக நறுக்கிப் பச்சையாகவே மேலே தூவுங்கள். வதக்கினால் வெறும் முட்டைக்கோஸ் பொரியலாகத்தான் நிற்கும்.

அந்தக் கால் பங்கை ஏன் எடுத்து வைத்தோம்? கிம்ச்சியைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சூட்டில் செத்துப்போகும். ருசி நிற்கும், உயிர் நிற்காது. அவற்றுக்காகவே கிம்ச்சி சாப்பிடுகிறவர்கள் பச்சைப் பங்கைத் தட்டில் பரிமாறும்போது மேலே வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது கடிக்கும்போது கிடைக்கும் நறநறப்புக்காகவே பிடிக்கும். பிழிந்து வைத்த சாற்றில் ஒரு கரண்டி எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிரிலோ மயோனைஸிலோ கலந்தால் மேலே விடக் காரசாரமான சாஸ் தயார். கிழங்கின் மேல் மட்டும் நேராக ஊற்றிவிடாதீர்கள். இவ்வளவு பாடுபட்ட மொறுமொறுப்பு ஒரே நிமிடத்தில் போய்விடும்.

முட்டைக்கு வருவோம். குழி செய்து அதில் முட்டையை உடைத்து ஊற்றி மூடிவைப்பதுதான் படங்களில் அழகாகத் தெரிகிறது. ஆனால் வெள்ளைக்கரு இறுகத் தொடங்குவது 62 டிகிரி வாக்கில். அதற்கு முன் அது தண்ணீராக ஓடிக் கிழங்கின் இடுக்கெல்லாம் புகுந்து ஒட்டவைத்துவிடும். மூடினால் ஆவி நேராக மேலோட்டின் மேல் இறங்கும். ஆகவே நான் இன்னொரு சிறு சட்டியில் முட்டையைப் பொரித்து மேலே வைப்பதையே சொல்வேன். கழுவ ஒரு பாத்திரம் கூடும், உண்மைதான். அதற்குப் பதில் ஓரம் பொரிந்த வெள்ளையும், குத்தினால் கிழங்கின் மேல் வழியும் மஞ்சளும் கிடைக்கும். கிம்ச்சியின் புளிப்புக்கும் காரத்துக்கும் அந்த மஞ்சள் கருவை மிஞ்சிய ஜோடி கிடையாது.

ஒரே சட்டிதான் என்றால் இப்படிச் செய்யுங்கள். சட்டியின் அடி தெரியும்வரை கிழங்கை விலக்கி, குழியில் சொட்டு எண்ணெய் விடுங்கள். முட்டையைச் சிறு கிண்ணத்தில் உடைத்து அதிலிருந்து மெதுவாகச் சரியுங்கள். தீயைக் குறைத்து, முதல் இரண்டு நிமிடம் மூடாமல் விட்டால் அடி வெள்ளை இறுகி அணை போட்டுக்கொள்ளும். பிறகு ஒரே நிமிடம் மூடினால் மேல்புறமும் ஆகிவிடும். மஞ்சள் கரு 65 டிகிரியில் தடிக்கத் தொடங்கி 70 வாக்கில் கெட்டிப்படும் என்பதால் இந்த இடைவெளி குறுகியது. மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போகாதீர்கள். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் சாப்பிடுவதானால் வழியும் மஞ்சள் வேண்டாம். இரண்டு கருவும் கெட்டியாகும்வரை வேகட்டும்.

முட்டை சாப்பிட்டாலும் மீன் தொடாதவர் யாராவது பந்தியில் இருந்தால் கிம்ச்சி புட்டியின் லேபிளைப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான கிம்ச்சியில் மீன் சாஸ் அல்லது உப்பிட்ட குட்டி இறால் இருக்கும். அவை சேராத கிம்ச்சியும் தனியாகக் கிடைக்கிறது. இந்தச் செய்முறைக்கு அதனால் ஒரு மாற்றமும் இல்லை.

வார்ப்பிரும்புச் சட்டி வைத்திருப்பவர்களுக்கு: கிம்ச்சியின் புளிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் சட்டியின் பழகிய எண்ணெய்ப் படலத்தை ஒன்றும் செய்துவிடாது. சாப்பிட்டு முடியும்வரை அதிலேயே விட்டுவைப்பதுதான் கெடுதல். உடனே தட்டுக்கு மாற்றிக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

மிஞ்சினால் கிழங்கையும் கிம்ச்சியையும் மட்டும் மூடிய டப்பாவில் எடுத்து வையுங்கள். மறுநாள் மைக்ரோவேவ் வேண்டாம், திரும்பச் சொதசொதப்பாகும். சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பரப்பி, நாலு நிமிடம் தொடாமல் விட்டுச் சூடாக்குங்கள். முட்டையை அன்றன்றைக்குப் புதிதாகப் பொரித்துக்கொள்ளுங்கள்.