பேக்ஃப்ளோ டெஸ்டர் லைசென்ஸ்: மூன்றரை லட்சம் கட்டும் முன்

திருமங்கலம் அண்ணனுக்கு,

நீங்கள் போனில் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். தம்பி பிளஸ் டூ முடித்து, ஐடிஐயில் ஒரு வருட ப்ளம்பர் படிப்பும் முடித்துவிட்டான். டெக்சாஸில் இருக்கும் உங்கள் மச்சினர், அங்கே பேக்ஃப்ளோ டெஸ்டருக்கு, அதாவது குழாய்த் தண்ணீர் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் கருவியைச் சோதிப்பவருக்கு, நல்ல கிராக்கி என்கிறார். அதைக் கேட்ட ஒரு ஏஜென்ட், நாற்பதே நாளில் இங்கேயே ‘சர்வதேச பேக்ஃப்ளோ லைசென்ஸ்’ வாங்கித் தருகிறேன், மூன்றரை லட்சம் ஆகும் என்கிறார். அண்ணியின் நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டீர்கள்.

வைக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த வேலை என்ன என்று பார்ப்போம். அதற்கு டெக்சாஸ் வரை போகவேண்டாம். நான் செல்லூரில் குடியிருந்தபோது, தண்ணீர் விடும் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டாரை நேரே லைனில் மாட்டி இழுப்பார். உடனே எங்கள் குழாயில் தண்ணீர் நின்று, ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே போகும். குழாய் வாயில் விரலை வைத்தால் விரலை உறிஞ்சிப் பிடிக்கும். அந்த நேரம் குழாயில் மாட்டிய ஓஸின் மறுமுனை கழனித் தொட்டியிலோ பினாயில் வாளியிலோ முங்கிக் கிடந்தால் என்ன ஆகும்? அதுவும் லைனுக்குள் ஏறி, நாலு வீடு தள்ளி யார் வீட்டுக் குடத்திலோ விழும். பேக்ஃப்ளோ என்றால் இதுதான். மதுரைக்காரனுக்குப் பாடம் எடுக்கவே தேவையில்லை. 1933-இல் சிகாகோவில் இரண்டு ஓட்டல்களில் குழாய் இணைப்புக் கோளாறால் கழிவுநீர் குடிநீரில் கலந்து, அமீபா சீதபேதி பரவி 98 பேர் செத்திருக்கிறார்கள்.

இதைத் தடுக்கத்தான் லைனில் ஒரு கருவி வைக்கிறார்கள். ஆபத்து அதிகமான இடங்களில் வைப்பதற்கு ஆர்பிஇசட் என்று பெயர். தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் இரண்டு செக் வால்வு, நடுவில் தண்ணீரை வெளியே கொட்டிவிடும் ஒரு ரிலீஃப் வால்வு. செக் வால்வு கசிந்தால், அழுக்குத் தண்ணீர் ஊர் லைனுக்குத் திரும்பாமல் ரிலீஃப் வழியாகத் தரையில் கொட்டிவிடும். டெஸ்டர் செய்வது என்னவென்றால், அழுத்த வித்தியாசம் காட்டும் கேஜின் ஓஸ்களை அந்தக் கருவியில் இருக்கும் டெஸ்ட் காக்கு என்ற சின்னச் சோதனைக் குழாய்களில் மாட்டி, ஊசி வால்வை மயிரிழை மயிரிழையாகத் திறப்பார். கண் கேஜ் முள்ளில், கை ரிலீஃப் வாய்க்குக் கீழே. முதல் சொட்டு கையில் விழும்போது முள் எங்கே நிற்கிறது? அழுத்த வித்தியாசம் 2 பிஎஸ்ஐக்கு (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அளவு) கீழே இறங்குவதற்குள் அது திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் கருவி ஃபெயில். ரிலீஃப் இல்லாமல் இரண்டு செக் வால்வு மட்டும் உள்ள டபுள் செக் வகையில் ஒவ்வொரு வால்வும் குறைந்தது 1 பிஎஸ்ஐ தாங்கவேண்டும். எண்களைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அந்தக் கையெழுத்துக்குத்தான் லைசென்ஸ்.

இப்போது டெக்சாஸுக்கு வருவோம். அங்கே லைசென்ஸ் கொடுப்பது அந்த மாநில அரசின் சுற்றுச்சூழல் ஆணையம். பள்ளி இறுதி முடித்திருக்க வேண்டும். குழாய் சார்ந்த துறையில் 2 வருட அனுபவம் வேண்டும். ஆணையம் ஒப்புக்கொண்ட 40 மணி நேர வகுப்பில் உட்காரவேண்டும். பிறகு எழுத்துத் தேர்வு, அதோடு கருவி முன்னால் நின்று செய்துகாட்டும் தேர்வு. கிடைக்கும் லைசென்ஸ் 3 வருடம் செல்லும். புதுப்பிக்க மறுபடியும் வகுப்பு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை கேஜையும் கேலிபரேட் செய்யவேண்டும், அதாவது அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துத் திருத்தவேண்டும். தீயணைப்பு லைனில் இருக்கும் கருவியை டெஸ்ட் செய்யவேண்டும் என்றால், லைசென்ஸ் மட்டும் போதாது, அதற்கென அனுமதி பெற்ற தீயணைப்பு ஒப்பந்த நிறுவனத்தில் நிரந்தர ஊழியராக இருக்கவேண்டும்.

இதில் எதை அண்ணே அந்த ஏஜென்ட் மதுரையில் உட்கார்ந்து தரமுடியும்? அமெரிக்காவிலேயே மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. ஆஸ்திரேலியாவில் முதலில் ப்ளம்பர் லைசென்ஸ், அதற்கு மேல்தான் பேக்ஃப்ளோ பயிற்சி. சிங்கப்பூரில் ப்ளம்பர் லைசென்ஸே அங்குள்ள அரசுத் தண்ணீர் வாரியமான பியூபி கையில். எல்லா நாட்டிலும் செல்லும் ‘சர்வதேச லைசென்ஸ்’ என்று ஒன்று இல்லை. இன்னொன்று, லைசென்ஸ் வேறு, விசா வேறு. லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக எந்தத் தூதரகமும் வேலை விசா தூக்கிக் கொடுக்காது. மச்சினர் பொய் சொல்லவில்லை. அவர் அங்கே இருந்துகொண்டு பேசுகிறார், அவ்வளவுதான்.

ஏஜென்டிடம் சண்டை போடவேண்டாம். லைசென்ஸ் தருவது எந்த அரசின் எந்தத் துறை, அந்த எண்ணை எந்த அரசுத் தளத்தில் சரிபார்ப்பது என்று மட்டும் எழுதிக் கேளுங்கள். கூடவே அவருடைய பதிவு எண்ணையும் வாங்கி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்களின் பதிவைப் பார்க்கும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வெளிநாட்டு வேலைக்கு வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். பாதிப் பேர் இந்தக் கேள்வியோடு போனை எடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

நம் நாட்டில் இந்த வேலைக்கென்று தனி லைசென்ஸ் முறை இல்லை. ஆனால் தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016, குடிநீர் லைனில் பேக்ஃப்ளோ தடுப்பைப் பேசுகிறது. டயாலிசிஸ் ஆர்ஓ ஓடும் ஆஸ்பத்திரி, பெரிய ஓட்டல், கப்பலூர் பக்கம் உள்ள தொழிற்சாலை என்று இதைப் புரிந்து வேலை செய்ய ஆள் தேவைப்படும் இடங்கள் மதுரையைச் சுற்றியே இருக்கின்றன. தம்பி அங்கே பராமரிப்புப் பிரிவில் அப்ரெண்டிஸாகச் சேரட்டும். உதவித்தொகையும் உண்டு, முடிவில் தேசிய அப்ரெண்டிஸ் சான்றிதழும் உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நம் பக்கத்துப் பையன்கள் மேஸ்திரியிடம் நாலு வருஷம் நாள்கூலிக்கு நல்லா வேலை கற்றுக்கொள்கிறார்கள், கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. டெக்சாஸ் கேட்கும் அந்த 2 வருடத்தை வாயால் சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். சம்பளம் பேங்கில் விழட்டும். பிஎஃப் எண் இருக்கட்டும். வேலையை விடும்போது லெட்டர்பேடில், தேதியோடு, என்னென்ன வேலை பார்த்தான் என்று எழுதி வாங்கச் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு பையன், ஆறு வருடம் வேலை பார்த்த கம்பெனி மூடிய பிறகு கடிதம் கேட்டு அலைந்தான். முதலாளி ஊரிலேயே இல்லை.

ஆங்கிலமும் வேண்டும். இலக்கணம் அல்ல, கேஜோடு வரும் கையேட்டைப் படித்துப் புரிகிற அளவு. ராத்திரி அரை மணி நேரம் போதும்.

ஞாயிறு காலை பத்து மணிக்குமேல் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மார்க் ஷீட், ஐடிஐ சான்றிதழ் எல்லாம் எடுத்து வரட்டும். ஏஜென்ட் கொடுத்த அந்தக் கலர் நோட்டீஸையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள், நான் பார்க்கவேண்டும்.